இடுப்பு மூட்டு மாற்றீடும் கணினி அளவையும்

மனிதன் நிற்பதற்கும் நடப்பதற்கும் துணைபுரியும் மூட்டுகளுள் இடுப்பு மூட்டு தலையாயது. தொடையென்பின் உருண்ட தலை இடுப்பென்பின் குழியுட் பொருந்திச் சுழலுதலின், இதனைப் பந்துக்கிண்ண மூட்டு என்பர். முதுமையாலோ நோயாலோ அங்குள்ள கசியிழையம் தேய்ந்தொழியின் என்போடு என்பு உரைஞ்சும், ஒவ்வோரடியும் வேதனையாகும். மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம் போன்ற கரையோர ஊர்களிலே மணலில் வள்ளந் தள்ளியும் வயலில் இறங்கியும் வாழ்வோர்க்கு இந்நோய் பிழைப்பையே பறிப்பதாகும்.

இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையிலே ஜோன் சாண்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், உலோகத் தலையையும் பொலியெதிலீன் கிண்ணத்தையும் சீமெந்தாற் பொருத்தும் முறையை 1962ஆம் ஆண்டிற் கையாண்டு வெற்றி கண்டார். இன்று செயற்கை உறுப்புகள் பல அளவுகளிற் கிடைக்கின்றன. அவற்றுள் உரியதைத் தேர்தலே அரிய செயல். தண்டு பருத்தால் என்பு வெடிக்கக்கூடும். சிறுத்தால் தளர்ந்து அமிழக்கூடும். கால் நீண்டாலும் குறுகினாலும் நோயாளி நொண்டுவார். ஆதலின், கத்தியை எடுக்குமுன்னரே அளவை வகுத்தல் வேண்டும்.

அளப்பதற்குரிய ஊடுகதிர்ப்படமோ வெறும் நிழலே. விளக்கின்முன் நீட்டிய கை சுவரைவிட்டு விலக விலக, அதன் நிழல் பெரிதாவதை யாவரும் அறிவர். இடுப்பு மூட்டும் தசையினுள்ளே ஆழத்திற் கிடத்தலால், படத்திற் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம் வரை பெருத்துத் தோன்றும். பருத்த உடலினர்க்கு இப்பெருக்கம் இன்னும் மிகும். முன்னாளில் செயற்கை உறுப்பின் உருவை ஒரே பெருக்க அளவில் வரைந்த ஒளிபுகு தாள்களைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தனர். அது சராசரி உடலுக்கே பொருந்தும்.

கணினி மென்பொருள் இக்குறையை நீக்க வல்லது. ஆயின் அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். படம் பிடிக்கும்போது, விட்டம் தெரிந்த உலோகக் குண்டொன்றை மூட்டின் ஆழத்துக்கு ஒப்ப வைப்பர். 25 மி.மீ. குண்டு படத்தில் 30 மி.மீ. ஆகத் தோன்றின், பெருக்கம் 20 சதவீதம் எனக் கண்டு, மென்பொருள் உண்மை அளவுக்கு மீட்கும். பின்னர், இடுப்பென்பின் அடியிற் குறுக்குக் கோடிட்டு, இரு தொடையென்புகளின் உட்புறச் சிறு முகடுகளும் அக்கோட்டினின்று எவ்வளவு தூரத்தில் உள்ளன என ஒப்பிட்டுக் கால்நீள வேறுபாடு காணப்படும். கிண்ணத்தின் அளவு, தண்டின் பருமன், தொடையென்பின் கழுத்தை வெட்டுமிடம் ஆகியன திரையிலேயே தீர்மானிக்கப்படும்.

எனினும், நோவினாற் காலை உட்புறந் திருப்பவியலாதவரின் படத்திலே கழுத்து குறுகித் தோன்றும். இதனைக் குண்டு திருத்தாது. வைத்தியரே உய்த்துணர்தல் வேண்டும். கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியால் 1971இல் நோயாளிக்கு முதன்முதல் எடுக்கப்பட்ட சீற்றி படமுறை, என்பின் முப்பரிமாண வடிவை உண்மை அளவிலேயே தரும். ஆயின் அதன் கதிர்வீச்சு மிகுதியாகையால் எல்லார்க்கும் அது விதிக்கப்படுவதில்லை. டைக்கொம் என 1993இற் பெயர்பெற்ற பொது நியமத்தின்படி சேமித்த கோப்பிலே படத்தோடு அதன் விவரங்களும் உடன்செல்லும். 2004இல் வெளிவந்த ஒசிரிக்ஸ் போன்ற மென்பொருள்கள் அத்தகைய கோப்புகளை மேசைக்கணினியிலேயே திறந்து முப்பரிமாணத்திற் காட்டின.

தூரத்து ஊர்களுக்கு இதனால் விளையும் பயன் பெரிது. நோயாளி செல்லுமுன்னரே அவரது படம் நிபுணரிடம் சென்றுசேரலாம். ஆனால், படத்தைக் கைத்தொலைபேசியாற் பிடித்தனுப்பினால் கோப்பிலுள்ள விவரங்கள் உடன்செல்லா. குண்டும் வைக்கப்படவில்லையாயின் அப்படம் நோயைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. நோவுற்ற முதியவர் மீண்டும் நெடுவழி சென்று புதுப்படம் எடுக்க நேரும். நேர்த்தியான மென்பொருளின் பயனும், படமெடுப்பவர் மறவாது வைக்கும் அச்சிறு குண்டிலேயே தங்கியுள்ளது எனலாம்.