தொப்புள் வீக்கம்: குழந்தைக்குப் பொறுக்கலாம், பெரியவருக்கு?

கைக்குழந்தை அழும்போது தொப்புள் பிதுங்கினால் வீடே பதறுகிறது. அதே வீட்டில் மூன்று பிள்ளை பெற்ற அம்மாவின் தொப்புளில் எலுமிச்சை அளவு வீக்கம் பல வருடமாகப் புடவைக்குள் மறைந்திருக்கும், யாரும் கேட்பதில்லை. பதற்றம் ஆள் மாறி விழுகிறது.

தொப்புள்கொடி உதிர்ந்ததும் வயிற்றுத் தசையிலுள்ள வளையம் மூடிக்கொள்ள வேண்டும். பிறந்தவுடன் மூடாவிட்டாலும், பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். அதற்குமேலும் நீடித்தால்தான் பெரும்பாலும் அறுவை. தொப்புள்மேல் காசு வைத்துக் கட்டுவதால் ஒரு நன்மையும் இல்லை. தோல் புண்ணாகும், சீழ் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு இந்த வளையம் தானாக மூடாது. உடல் பருமன், அடுத்தடுத்த பிரசவம், ஓயாத இருமல், மலச்சிக்கல், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் சேர்வது எல்லாம் துளையைப் பெரிதாக்கும். பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிர, குணமாக்காது. சிறு துளையைத் தைத்தே மூடலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேலிருந்தால் மெஷ் வலை வைப்பது நல்லது, திரும்ப வரும் வாய்ப்பு குறையும்.

படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் ஒருநாள் போகாமல் கல்லாகி வலித்தால், தோல் சிவந்தோ கறுத்தோ போனால், வாந்தி வந்து வாயு பிரியாமல் நின்றால், குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அழுத்தித் தள்ளாதீர்கள், சாப்பிடக் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் பலர், வீக்கத்தைவிடச் செலவுக்கும் சம்பள இழப்புக்கும் பயந்தே தள்ளிப்போடுகிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கும் குடும்பத்துக்கும் அறுவைச் சிகிச்சை இலவசம், அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், தொழிலாளிக்கு ஓய்வுக் காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளி என்றாலும் இந்த உரிமை உண்டு. பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம்; முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கையெழுத்துப் போடுமுன், தையலா மெஷ்ஷா, திறந்து செய்வதா லேப்ராஸ்கோபியா, மறுபடி வந்தால் என்ன என்று கேளுங்கள். விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்ற மருத்துவச் சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரிடம் வாய்ச்சொல் எடுபடாது.