குழுமாடு: எமது எருமையின் காட்டு உறவு

வயலையும் பட்டியையும் விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்கிய விவசாயக் குடும்பங்களோடு நாம் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: "நாங்கள் அவிழ்த்துவிட்ட எருமைகள் என்னவாகியிருக்கும்?" இதற்கு விடை காண, எருமையின் காட்டு உறவான குழுமாட்டை அறிதல் நன்று.

காட்டெருமை எனப்படும் குழுமாடு உலர் வலயத்துக்கு உரியது. யால, புந்தல, வில்பத்து ஆகிய இடங்களில் இன்றும் காணலாம். பெண் எருமைகளும் கன்றுகளும் கூட்டமாக வாழும். முதிர்ந்த பெண் எருமையே முன்செல்லும். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் ஒதுங்கித் திரியும். தாய் பத்து மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரு கன்றை ஈனும். சிறுத்தை நெருங்கினால் பெரியவை கன்றுகளை மறைத்து, கொம்புகளை முன்நீட்டி நிற்கும்.

எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. எனவே நண்பகலில் சேற்றில் புரளுவது சோம்பல் அல்ல. உடற்சூட்டைத் தணிக்கவும் ஈக்களைத் தவிர்க்கவுமே. அது புரண்ட குழியில் கோடையிலும் நீர் தங்கும். மீனும் தவளையும் அதில் உயிர் பிழைக்கும். மழை வந்ததும் அவையே வயலுக்குத் திரும்பும்.

இதன் உறவுகளில் குள்ளமானது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள அனோவா. தோளுயரம் ஏறக்குறைய ஒரு மீற்றர்தான். அது கூட்டம் சேராது. அடர்காட்டில் தனித்தோ சோடியாகவோ வாழும். வேட்டையாலும் காடழிப்பாலும் அதுவும் அருகி வருகிறது.

எமது குழுமாட்டுக்கோ வேறொரு ஆபத்தும் உண்டு. ஊர் எருமைகள் காட்டுக்குள் போயும், காட்டு ஆண்கள் ஊர்ப் பட்டிகளை நாடியும் இரத்தம் கலந்துவிட்டது. கலப்பற்ற குழுமாடு இலங்கையில் எஞ்சியுள்ளதா என ஆய்வாளர்களே ஐயுறுகின்றனர்.

இந்தக் கலப்பிலேயே எமது கேள்விக்கும் விடை உண்டு. கைவிடப்பட்ட எருமை, புல்லும் நீரும் இருந்தால் தானாகவே பிழைக்கும். ஆனால் காட்டில் பிறந்த அதன் கன்று மனிதரை அறியாது. உடலில் குறியும் இராது. ஊர் திரும்புவோர் தாயின் குறியைப் பார்த்து, அதன் பின்னே செல்லும் கன்றை அடையாளம் காணலாம். குறியில்லாத பெரிய மாட்டுக்காக அயலவரோடு பிணங்க வேண்டாம். கன்றோடு நிற்கும் தாயையும் தனித்து நிற்கும் ஆணையும் தனியே அணுகவும் வேண்டாம். பட்டி மீண்டும் பெருகும், உயிர் மீளாது.