காட்டில் ஒரு கண்ணாமூச்சி

ஒளித்து வைத்த டப்பாவைச் செயற்கைக்கோள் உதவியுடன் தேடும் விளையாட்டு உலகெங்கும் பரவிவிட்டது. பாலக்காடு முதல் இடுக்கி வரையிலான மழைக்காடுகளிலோ அதற்கு வேறு விதிகள் தேவை.

2022 பிப்ரவரி 7. பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில் குறும்பாச்சி மலையில் ஏறிய 23 வயது இளைஞர் ஒருவர் கால் வழுக்கி, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு சிறு இடுக்கில் சிக்கிக்கொண்டார். கையில் செல்போன் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்பது நண்பர்களுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், சற்று நேரத்தில் கேரளம் முழுவதற்குமே தெரிந்துவிட்டது. ஆனால் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரால் பாறையை நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவத்தின் மலையேற்ற வீரர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவந்தபோது ஏறத்தாழ 45 மணி நேரம் கடந்திருந்தது.

ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு. அங்கே போய்ச் சேரும் வழி தெரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியையே சுவாரஸ்யமாக்கிக்கொண்ட ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

ஒருவர் தண்ணீர் புகாத சிறிய டப்பா ஒன்றில் குறிப்பேட்டையும் சில்லறைப் பொருட்களையும் போட்டு எங்காவது மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியுடன் தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தவர் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான மதிப்புள்ள இன்னொன்றை வைப்பது மரபு. புதையல் வேட்டைதான், புதையல் மட்டும் கிடையாது.

இது பிறந்த கதை சுருக்கமானது. அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரைகூடப் பிசகும். 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் புத்தகம், கவண், பீன்ஸ் டின் முதலியவற்றைப் போட்டு மறைத்து வைத்து, இட எண்களை வெளியிட்டார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

கருவியும் கானகமும்

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் எழும்புகிறது. நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், சோலையாறு என்று நீண்டு இடுக்கி மாவட்டத்தின் மூணாறு வரை போகிறது. அங்கே இரவிகுளம் தேசியப் பூங்காவில் 2,695 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஆனைமுடி. தமிழகமும் கேரளமும் பின்னிப் பிணைந்த பூமி இது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு வாகனத்தில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத்தான் பாதை.

மலையேறும் ஆர்வமுள்ள எவருக்கும் இதைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனால் கருவி முதலில் தடுமாறுவதே இங்குதான். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால்தான் அதனால் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். மழைக்காட்டில் கிளைகள் பின்னி வானத்தையே மறைக்கின்றன. ஈர இலைகளும் பாறைச் சரிவுகளும் சமிக்ஞையைத் தடுத்துத் திருப்பிவிடுகின்றன. திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும் கருவி, மரத்தடியில் பல மீட்டர் தள்ளிக் கைகாட்டும். அந்தச் சில மீட்டருக்குள் ஓர் ஓடை இருக்கலாம், பள்ளம் இருக்கலாம், கன்றுடன் ஒரு யானை நின்றிருக்கலாம்.

அடுத்தது சட்டம். புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் நினைத்தபடி நுழைய முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜியோகேச்சிங் விதிகளும் இதற்கு முரணானவை அல்ல. நிலத்துக்கு உரியவரின் சம்மதம் தேவை, மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. கடைசி விதிக்குக் காரணம் மோப்பம். மனிதனுக்குத் தட்டுப்படாத வாசனை கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் தட்டுப்படும். குரங்கு கடித்துத் துப்பிய பிளாஸ்டிக் டப்பா காட்டுக்குள்ளேயே கிடக்கும்.

டப்பாவைவிடப் பெரிய தீங்கு காலடிகளால் வருகிறது. எண்களை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு திசையிலிருந்து தேடினால் செடிகள் மிதிபட்டுப் புதிய ஒற்றையடிப் பாதைகள் உருவாகின்றன. மழைக்காலத்தில் அந்த வழியே மண் அரித்துப் போகும்.

ஒளித்தவர்களே வழிகாட்டிகள்

இடுக்கி மாவட்டக் காடு ஒன்றில் இதற்கு முன்பே ஒரு நிஜக் கண்ணாமூச்சி நடந்தது. பெரியாறு சரணாலயத்தில் ஒரு கூட்டம், மலையாளத்தில் வயணா எனப்படும் காட்டு லவங்க மரங்களின் பட்டையை உரித்துத் திருட்டுத்தனமாகக் கடத்தி வந்தது. வனக் காவலர்களுக்குத் தெரியாத தடங்கள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. துரத்தியே சலித்த வனத்துறை, 1990களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வேறு வழியில் சென்றது. பட்டை உரித்தவர்களையே ஒரு குழுவாக்கி, பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையைத் தந்தது.

அப்படிப் பிறந்ததுதான் 'பெரியாறு டைகர் டிரெயில்'. சிறு குழுவாகப் பயணிகள் காட்டில் நடந்து, கூடாரத்தில் தங்கித் திரும்புகிறார்கள். முன்னாள் கடத்தல்காரர்கள் முன்னே நடக்கிறார்கள். துப்பாக்கியுடன் ஒரு வனக் காவலரும் உடன் வருகிறார். பயணிகள் நடக்கும் அதே நேரத்தில் காட்டுக்கு ஒரு ரோந்தும் நடந்துவிடுகிறது. பரம்பிக்குளத்திலும் காடர், மலசர் போன்ற பழங்குடியினர் வழிகாட்டிகளாக வேலை பார்க்கிறார்கள். முறிந்த கிளையைப் பார்த்து யானை எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் ஜி.பி.எஸ். கருவி இன்னும் வரவில்லை.

வழியும் காலமும் தெரியாமல் போவதன் விலை என்ன என்பதை இடுக்கி எல்லையோரம் 2018 மார்ச் 11 அன்று தமிழகம் கண்டது. கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டம் குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர், கோடையில் காய்ந்து கிடந்த புல்வெளியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியபோது, உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினருமே வழிகாட்டிகள் ஆனார்கள்.

டப்பா இல்லாத வேட்டை

அப்படியானால் மழைக்காட்டில் இந்த விளையாட்டுக்கே இடமில்லையா? இருக்கிறது. அதற்கான வழியும் விளையாட்டுக்குள்ளேயே உண்டு. 'எர்த்கேச்' என்ற வகையில் டப்பாவே கிடையாது. குறித்த இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ நில அமைப்பையோ கவனித்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். எதையும் வைப்பதில்லை, எதையும் எடுப்பதுமில்லை.

பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. வயது சுமார் 450 ஆண்டு என்று மதிப்பிடப்படுகிறது. அதைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் கைகோக்க வேண்டும்? இப்படி ஒரு கேள்வி போதும். பதில் தெரிய, வனத்துறையின் அனுமதியுடன், திறந்துவிடப்பட்ட பாதையில், வழிகாட்டி சொல்லும் நேரத்தில் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். தேடலின் பரபரப்பு குறையாது. காட்டுக்கும் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் டப்பா மிச்சம்.

மழைக்காட்டில் ஏற்கெனவே போதுமான அளவு ஒளிந்திருக்கிறது. உச்சிக்கிளையில் வெடிப்பலாக் காயைத் தின்னும் சிங்கவால் குரங்கு, சருகோடு சருகாகக் கிடக்கும் தவளை, காலுறைக்குள் சத்தமில்லாமல் ஏறும் அட்டை. இவற்றைக் கண்டுபிடிக்க இட எண்கள் எதுவும் தேவையில்லை. அட்டையோ, தேடாமலே வந்து சேரும்.