பண்ணை வீட்டின் நான்கு பருவங்கள்

நுழையும்முன்

பழமையான கட்டடங்களைப் பாதுகாத்தல் என்றவுடன் சுவரும் தூணும் கூரையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு வீட்டின் வரலாறு அதன் சுவர்களில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அங்கு உழுதவர், சமைத்தவர், நூல் நூற்றவர், விழாக் கொண்டாடியவர் ஆகியோரின் வாழ்விலும் அது கலந்திருக்கிறது. அவர்களுள் பலரது பெயர்கள் ஆவணங்களில் இல்லை. அம்மக்களின் வாழ்வை இன்றைய தலைமுறைக்கு எவ்வாறு எடுத்துரைப்பது? நியூயார்க் நகரின் பண்ணை வீட்டு அருங்காட்சியகங்கள் இக்கேள்விக்குத் தரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

வீடு பிறந்த கதை

வானளாவிய கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற நியூயார்க், ஒரு காலத்தில் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த பகுதியாக இருந்தது. லெனாப்பே என்னும் தொல்குடி மக்கள் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்குக் குடியேறி, அந்நிலத்துக்குப் புதிய நெதர்லாந்து எனப் பெயரிட்டனர். 1664ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியபின் நியூயார்க் என்ற பெயர் ஏற்பட்டது. ஆட்சி மாறினாலும் டச்சு மொழியும் பழக்கவழக்கங்களும் பண்ணை வீடுகளில் பல தலைமுறைகள் நீடித்தன.

அத்தகைய வீடுகளுள் ஒன்று, புரூக்ளின் பகுதியில் உள்ள வைக்காஃப் இல்லம். நியூயார்க் நகரின் மிகப் பழமையான கட்டடமாக இது கருதப்படுகிறது. இதனை அமைத்த பீட்டர் கிளாசன், 1637ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலியாக அங்கு வந்த இளைஞர். எழுதப் படிக்க அறியாதவர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் சொந்தமாக உழவுத்தொழில் செய்து, நிலமும் செல்வாக்கும் பெற்றார். ஏறத்தாழ 1652ஆம் ஆண்டில் எழுந்த சிறிய வீடு, அடுத்த இரு நூற்றாண்டுகளில் சிறிதுசிறிதாக விரிவடைந்தது. வைக்காஃப் என்னும் குடும்பப் பெயர் ஆங்கிலேயர் ஆட்சியில் சூட்டிக்கொள்ளப்பட்டதாகும்.

மெல்லிய மரத்துண்டுகளை ஓடுபோல அடுக்கிய புறச்சுவர், சுவரைத் தாண்டி வளைந்து நீளும் இறவாணம், குறுக்கே இரண்டாகப் பிரிக்கப்பட்ட கதவு ஆகியவை இவ்வீட்டின் சிறப்புகள். கதவின் மேற்பாதியைத் திறந்தால் காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும். மூடிய கீழ்ப்பாதி கோழியும் பன்றியும் நுழையாமல் தடுக்கும். பண்ணை வாழ்வின் தேவையிலிருந்தே அதன் கட்டடக்கலை பிறந்தது என்பதற்கு இக்கதவு ஒன்றே போதிய சான்றாகும்.

1901ஆம் ஆண்டுவரை வைக்காஃப் குடும்பத்தினர் இங்கு வாழ்ந்தனர். பின்னர் நகரம் வளர்ந்து வயல்களை விழுங்கியது. 1963ஆம் ஆண்டு நியூயார்க்கின் புகழ்பெற்ற பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் இடிக்கத் தொடங்கப்பட்டபோது மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாக 1965ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்களைக் காக்கும் சட்டம் அந்நகரில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட சின்னம் வைக்காஃப் இல்லமே. குடும்பத்தின் வழித்தோன்றல்கள் அதனை மீட்டு நகருக்கு வழங்கினர். சீரமைக்கப்பட்ட இல்லம் 1982ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

உழைத்த கைகள்

பீட்டர் கிளாசனின் வாழ்க்கை உழைப்பால் உயர்ந்த ஒருவரின் வாழ்க்கை. ஆனால், பண்ணைகளை வளர்த்தவர்கள் அவரைப் போன்றோர் மட்டுமல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தோரும் இப்பகுதியின் டச்சுப் பண்ணைகளில் உழுதனர், அறுத்தனர், சமைத்தனர், குழந்தைகளை வளர்த்தனர். 1790ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இன்றைய புரூக்ளினை உள்ளடக்கிய கிங்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 4,495 பேர். அவர்களுள் 1,432 பேர் அடிமைகள். ஏறத்தாழ மூவருள் ஒருவர் அடிமையாக இருந்த நிலம் அது.

ஒப்பந்தக் கூலிக்கும் அடிமைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கூலியின் ஒப்பந்தத்துக்கு முடிவு உண்டு. முடிந்தபின் அவர் நிலம் வாங்கலாம். மக்களுக்குச் சொத்தும் பெயரும் விட்டுச்செல்லலாம். அடிமை நிலைக்கோ முடிவில்லை. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்றது நியூயார்க்கின் 1706ஆம் ஆண்டுச் சட்டம். 1799இல் இயற்றப்பட்ட சட்டம் படிப்படியான விடுதலைக்கு வழிவகுத்தது. 1827ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாளில்தான் நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

வீட்டு உரிமையாளரின் பெயர் பத்திரத்திலும் கல்லறையிலும் நிலைத்திருக்கிறது. அடிமைகளாய் உழைத்தவர்களோ பெரும்பாலும் கணக்கெடுப்பில் ஓர் எண்ணாகவே எஞ்சியுள்ளனர். வீட்டையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் மட்டும் காட்டும் அருங்காட்சியகம், பெயர் நிலைத்தவர்களின் கதையை மட்டுமே சொல்லும். உழைப்பையும் உணவையும் விழாவையும் காட்டினால்தான் மற்றவர்களின் கதை வெளிப்படும். பருவகால நிகழ்ச்சிகளின் இன்றியமையாமை இங்குதான் விளங்குகிறது.

இளவேனில்: மூன்று நாள் விடுதலை

உயிர்த்த ஞாயிறுக்குப் பின்வரும் ஏழாம் ஞாயிறன்று கொண்டாடப்படும் கிறித்தவப் பெருவிழாவை டச்சு மக்கள் பிங்க்ஸ்டர் என்றனர். உறைபனி நீங்கி மரங்கள் தளிர்க்கும் காலம் அது. வைக்காஃப் இல்லத்தைப் போலவே புரூக்ளினில் அமைந்துள்ள லெஃபர்ட்ஸ் இல்லம் முதலிய பண்ணை வீடுகளில் இவ்விழா மீண்டும் நிகழ்த்தப்பட்டுள்ளது.

இவ்விழா டச்சுக்காரர்களுக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. அந்நாள்களில் அடிமைகளுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. வெவ்வேறு பண்ணைகளுக்கு விற்கப்பட்டுச் சிதறிய உறவினர் ஒன்றுகூடினர். மூலிகை, பழம், சிப்பி முதலியவற்றை விற்றுச் சிறிது பொருள் ஈட்டினர். ஆப்பிரிக்கப் பறையிசையும் ஆடலும் முழங்கின. ஆல்பனி நகரில் சார்லஸ் என்னும் ஆப்பிரிக்க முதியவர் விழாவின் அரசராக ஊர்வலம் வந்தார். காலப்போக்கில் பிங்க்ஸ்டர், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் விழாவாகவே அறியப்பட்டது. கூட்டமும் முழக்கமும் பெருகுவதைக் கண்ட ஆல்பனி நகர நிருவாகம், 1811ஆம் ஆண்டு அவ்விழாவின் ஆடலுக்கும் பறைக்கும் கடைகளுக்கும் தடை விதித்தது.

அடிமைமுறையை எதிர்த்தும் பெண்ணுரிமைக்காகவும் குரல்கொடுத்த சோஜர்னர் டுரூத், நியூயார்க் மாநிலத்தின் டச்சுக் குடும்பம் ஒன்றில் அடிமையாகப் பிறந்தவர். அவர் முதலில் பேசிய மொழி டச்சு. அடிமைத்தளையிலிருந்து வெளியேறிய பிறகும், பிங்க்ஸ்டர் நெருங்கியபோது பழைய தோழமைகளை எண்ணி ஏங்கியதாக 1850இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாறு குறிப்பிடுகிறது. ஒடுக்கப்பட்டவரின் மகிழ்ச்சியும் துயரமும் ஒன்றோடொன்று எத்துணைப் பின்னிக் கிடந்தன என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

கோடை: தோட்டமே வகுப்பறை

கோடையில் நிகழ்ச்சிகள் வீட்டைவிட்டுத் தோட்டத்துக்கு நகர்கின்றன. வைக்காஃப் இல்லத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறிகளும் மூலிகைகளும் பயிரிடப்படுகின்றன. விளைச்சல் அக்கம்பக்கத்து மக்களைச் சென்றடைகிறது. மண்ணைத் தொட்டறியாத நகரத்துச் சிறுவர் இங்கு விதைக்கவும் களையெடுக்கவும் கற்கின்றனர்.

இத்தகைய தோட்டத்தில் தொல்குடி மக்களின் அறிவையும் விளக்க இயலும். மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே பாத்தியில் வளர்த்தனர். சோளத்தட்டையைப் பற்றி அவரைக்கொடி ஏறும். அவரையின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும். பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடி, ஈரத்தைக் காத்துக் களையைக் குறைக்கும். மூன்று சகோதரிகள் என அழைக்கப்படும் இம்முறை, குடியேறியவர்கள் வருவதற்கு முன்பே அந்நிலத்தில் வேளாண் அறிவு செழித்திருந்ததை எடுத்துக்காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

டச்சுக்காரர்களின் வணிகம் இரு நிறுவனங்கள் வழியே நடைபெற்றது. 1602இல் தொடங்கிய கிழக்கிந்திய நிறுவனம் ஆசியாவிலும், 1621இல் தொடங்கிய மேற்கிந்திய நிறுவனம் அமெரிக்காவிலும் செயல்பட்டன. புதிய நெதர்லாந்து மேற்கிந்திய நிறுவனத்தின் கீழ் இருந்தது. தமிழகத்தின் பழவேற்காடும் நாகப்பட்டினமும் கிழக்கிந்திய நிறுவனத்தின் துறைமுகங்களாக விளங்கின. சோழமண்டலக் கரையிலிருந்து துணிகளோடு மனிதரும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைகள் அக்காலத்தின் எச்சங்களாக இன்றும் காணப்படுகின்றன.

இலையுதிர் காலம்: அறுவடையின் உழைப்பு

இலையுதிர் காலம் பண்ணையின் பரபரப்பான பருவம். ஆப்பிள்களை நசுக்கிக் கூழாக்கி, மரச்செக்கில் அழுத்திச் சாறு பிழிவர். முட்டைக்கோசும் கிழங்குகளும் நிலவறையில் சேமிக்கப்படும். இறைச்சி உப்பிடப்படும். பனிக்காலத்தில் நிலம் எதையும் தராது என்பதால், இம்மாதங்களின் உழைப்பே குடும்பத்தின் உயிர்ப்பிடிப்பு.

ஆளிச்செடியிலிருந்து லினன் துணி உருவாவதையும் லெஃபர்ட்ஸ் இல்லத்தில் செய்துகாட்டுவதுண்டு. செடியை வேரோடு பிடுங்கி உலர்த்துவர். பின்னர் ஈரத்தில் கிடத்தித் தண்டின் பசையை நெகிழச் செய்வர். உலர்ந்த தண்டை மரக்கருவியால் நொறுக்கி, முள்சீப்பால் வாரினால் நார் பிரியும். அந்நாரை நூற்று நெய்தால் துணி கிடைக்கும். ஒரு சட்டைக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது என்பதைப் படித்து அறிவதற்கும், நாரைக் கையால் வாரி உணர்வதற்கும் வேறுபாடு உண்டு. கை சோர்ந்தபின், அவ்வேலையை ஊதியமின்றி வாழ்நாள் முழுவதும் செய்தவர் யார் என்ற வினா தானே எழுகிறது.

குளிர்காலம்: அடுப்பங்கரை நினைவுகள்

டிசம்பர் 6ஆம் நாள் புனித நிக்கோலஸ் திருநாள். அதற்கு முந்தைய மாலையில் டச்சுக் குழந்தைகள் தங்கள் காலணிகளை அடுப்பருகே வைப்பர். புனிதரின் குதிரைக்காக அவற்றில் வைக்கோலும் கேரட்டும் இடுவர். காலையில் இனிப்புகள் கிடைக்கும் என்று காத்திருப்பர். சின்டர்கிளாஸ் என்னும் டச்சுப் பெயரே அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் என உருமாறியது. குக்கி, பாஸ், கோல்ஸ்லா போன்ற சொற்களும் டச்சு மொழியிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தவையே. பண்ணை வீட்டு அருங்காட்சியகங்களில் குளிர்காலத்தில் மெழுகுவத்தி வார்த்தல், அடுப்பில் சமைத்தல், கதைசொல்லல் ஆகியவை நடைபெறுவது வழக்கம்.

கொண்டாட்டமும் உண்மையும்

இத்தகைய நிகழ்ச்சிகளில் ஓர் இடர் உண்டு. இனிப்பும் இசையும் பழைய உடையும் சேர்ந்து, கடந்தகாலம் இனிமையானது என்ற மயக்கத்தை ஏற்படுத்திவிடக்கூடும். பிங்க்ஸ்டர் ஆடலைக் கண்டு மகிழ்பவர், அம்மக்கள் ஆண்டின் எஞ்சிய நாள்களில் யாருடைய உடைமையாக இருந்தனர் என்பதை அறியாமல் திரும்பினால், அந்நிகழ்ச்சி வரலாற்றை மறைத்ததாகிவிடும். மாறாக, துயரத்தை மட்டும் கூறினால், அத்துயரத்தின் நடுவிலும் உறவையும் கலையையும் காத்த மக்களின் ஆற்றல் மறைந்துபோகும். இரண்டையும் ஒருசேரச் சொல்வதே நல்ல அருங்காட்சியகத்தின் கடமை. நியூயார்க்கின் மற்றொரு டச்சுப் பாணிப் பண்ணை வீடான டைக்மன் இல்லமும், அங்கு அடிமைகளாக வாழ்ந்தோரின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தேடி வெளிப்படுத்தும் பணியில் ஈடுபட்டுள்ளது.

வைக்காஃப் இல்லத்தைச் சுற்றி இன்று வாழ்வோருள் பெரும்பாலோர் ஜமைக்கா, ஹெய்ட்டி, டிரினிடாட், கயானா முதலிய கரிபியப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஆவர். கயானாவும் ஒரு காலத்தில் டச்சுக் குடியேற்றமாக இருந்த நாடு. அங்கு அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் இருந்தனர். ஆகவே, கடல் கடந்த பயணமும் கூலி உழைப்பும் அடிமைத்தனமும் விடுதலையும் இப்பகுதி மக்களுக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல; அவர்களின் குடும்ப வரலாறுகள்.

ஒரு டச்சுக் குடும்பத்தின் வீடு அவர்களுக்கும் உரியதாவது, இவ்வரலாறுகள் அங்கு இடம்பெறும்போதுதான். சட்டம் கட்டடத்தை இடிபடாமல் காக்கும்; நிதி கூரையைச் செப்பனிடும். ஆனால், ஒவ்வொரு பருவத்திலும் விதைக்கவும் அறுக்கவும் ஆடவும் வினவவும் மக்கள் வந்தால்தான் வீடு நினைவுச் சின்னமாக நிலைபெறும். அவ்வாறு வருவோர், கட்டியவரின் பெயரோடு உழைத்தவரின் வாழ்வையும் அறிந்து செல்வர்.