பிக்கப் வாங்கும் முன்: பாரமா, சொகுசா?

"பிக்கப் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன் சார், எது நல்லது?" வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் உழவர் கூட்டங்களில் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வாரத்துக்கு எத்தனை நடை? ஒரு நடைக்கு எத்தனை கிலோ?

சூட்சுமம் ஸ்பிரிங்கில்

சரக்கு வண்டியின் பின் அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் இருக்கும். ஒரு டன் ஏற்றினால்தான் அவை சரியாக வளைந்து கொடுக்கும். காலியாகப் போனால் வளையாது. பள்ளத்தில் விழும் அடி முழுவதும் மேலே வரும். கார் போல சுருள் ஸ்பிரிங் போட்டால் பயணம் மென்மையாக இருக்கும். ஆனால் பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும். இரண்டையும் முழுசாக ஒரே வண்டியில் எதிர்பார்க்க முடியாது.

ஊருக்கு ஒரு வண்டி

அமெரிக்காவில் பிக்கப் என்பது பெரும்பாலும் குடும்பக் கார். நான்கு கதவு, அகலமான இருக்கை, பின்தொட்டி சின்னது. ராம் 1500 வண்டிக்கு 2009 மாடலிலிருந்தே பின்னால் சுருள் ஸ்பிரிங்தான். கனமான சுமை என்றால் டிரெய்லர் கட்டி இழுக்கிறார்கள். ஐரோப்பாவோடு வந்த கோழி வணிகச் சண்டையில் 1964-இல் வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டார்கள். கோழி வரி என்றே அதற்குப் பெயர். அது இன்னும் இருப்பதால் சின்ன வண்டிகள் அங்கே எளிதில் நுழைய முடிவதில்லை.

தாய்லாந்தில் பிக்கப்புக்குக் காரைவிட வரி குறைவு. அதனால் ஒரு டன் ஏற்றும் வண்டியே வீட்டு வண்டியும்.

ஜப்பானில் வயல் வரப்போரப் பாதைக்கென்றே 'கேய்' வண்டி. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், 660 சிசி எஞ்சின், 350 கிலோ பாரம். இரண்டு பேர் நிமிர்ந்து உட்காரலாம், அவ்வளவுதான். சிறு விவசாயிக்கு அது போதுமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நிசான் நவாரா 2015-இல் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தது. பாரம் ஏற்றினால் தாழ்கிறது என்று விமர்சனம் எழ, கம்பெனி அடுத்தடுத்து ஸ்பிரிங்கை மாற்றியது.

நம் கணக்கு

2005-இல் வந்த டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, 750 கிலோ தாங்கும். பொலிரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் மாடல்கள் உண்டு. பெரியதே நல்லது என்று தோன்றும். ஆனால் இயற்கை விவசாயி வாரச் சந்தைக்குக் கொண்டு போவது 300 கிலோ தக்காளியும் கீரையும் என்று வையுங்கள். 1.7 டன் வண்டிக்கு அது காலி மாதிரிதான். அந்தக் குலுக்கலில் நசுங்கும் தக்காளி நம் பணம். சொகுசு டிரைவருக்கு மட்டுமல்ல, காய்க்கும் வேண்டும்.

வாரம் 4 நடை என்றால் ஆண்டுக்கு 200 நடை. தொழுஉரம், புண்ணாக்கு என்று கனபாரம் வருவது 4 நடையோ 5 நடையோ. அதற்கு வாடகை வண்டி பிடிக்கலாம். அந்த 5 நடைக்காக மாதாமாதம் கூடுதல் தவணை கட்டுவானேன்?

தினமும் ஒரு டன் வாழைத்தாரோ தேங்காயோ ஏற்றுபவருக்குக் கணக்கு வேறு. அவர் பெரிய வண்டியே எடுக்கட்டும், குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

வாங்கும் முன் பாருங்கள்

• ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழியுங்கள். மிச்சம் 750 கிலோ என்றால், இரண்டு பேர் ஏறியதும் 130 கிலோ போச்சு. சரக்குக்கு 620 தான்.

• அளவுக்கு மீறி ஏற்றினால் 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு.

• கடைக்காரர் காலி வண்டியைத்தான் ஓட்டிக் காட்டுவார். உங்கள் வழக்கமான பாரத்தை ஏற்றி, உங்கள் ஊர்ப் பாதையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

ஏற்கெனவே பெரிய வண்டி இருந்தால் விற்க வேண்டாம். பாரம் குறைவான நாளில், கம்பெனி சொன்ன அளவுக்குள் டயர் காற்றைக் குறையுங்கள். பெட்டிகளைப் பின் அச்சுக்கு முன்னால், கேபினை ஒட்டி அடுக்குங்கள். அடியில் வைக்கோல் பரப்புங்கள். பாதிக் குலுக்கல் அதிலேயே அடங்கும்.