டீக்கும் கணக்கு உண்டு!

வாங்க, உள்ளே வாங்க! நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் இந்தத் தகரக் கன்டெய்னர்தான் சைட் ஆபீஸ். வெளியே ராத்திரி வேலை இன்னும் தொடங்கவில்லை. உள்ளே அதே வேலை ஏற்கெனவே பலமுறை நடந்து முடிந்துவிட்டது!

மேஜையில் ஹெல்மெட், தார் பிசுபிசுக்கும் கையுறை, பாதி கடித்த பஜ்ஜி, நடுவில் லேப்டாப். திரையில் ஊரும் பச்சைப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு டிப்பர். பிளான்ட்டில் தார்க் கலவை ஏற்றி, ஓடி வந்து, அதைச் சாலையில் பரப்பும் பேவர் இயந்திரத்தில் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. பிளானிங் இன்ஜினியர் ஒரு தட்டு தட்டினார். முழு ராத்திரியும் கண்ணெதிரே பறந்தது.

"8 வண்டி விடுவோமா?" பேவர் சிவந்தது, கலவை வராமல் நிற்கிறதாம். "14?" இப்போது பேவர் முன்னால் டிப்பர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 11 போட்டதும் எல்லாம் சீராக ஓட, கைதட்டியே விட்டேன்!

இவ்வளவு பாடும் சூட்டுக்காகத்தான். தார்க் கலவை பிளான்ட்டை விட்டுக் கிளம்பும்போது 150 முதல் 165 டிகிரி. அது 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் ரோலர் அழுத்தி முடித்தாக வேண்டும். பேவர் நின்று கிளம்பிய இடத்தில் மேடு தட்டும். அதை அப்புறம் நம் இடுப்பு சொல்லும்.

இந்தக் கணக்குக்கெல்லாம் மூலம் எது தெரியுமா? சூப்பர்வைசரின் கசங்கிய நோட்டு! ஏற்ற எத்தனை நிமிடம், ஓட எத்தனை, கொட்ட எத்தனை என்று ஒவ்வொரு நடைக்கும் குறித்திருக்கிறார். ஓரத்தில் 'டீ – 12'. எட்டிப் பார்த்த டிரைவர், "டீ குடிக்கிறதையுமா மேடம் கம்ப்யூட்டர்ல போட்டீங்க?" என்றார். "டீ குடிக்காத டிரைவரை நான் பார்த்ததே இல்லையேண்ணே!" என்று இன்ஜினியர் சொல்ல, கன்டெய்னரே சிரிப்பில் அதிர்ந்தது.

கட்டுமான வேலையை இப்படிக் கணினியில் ஓட்டிப் பார்க்க, 1970-களிலேயே அமெரிக்காவில் டேனியல் ஹால்பின் 'சைக்ளோன்' என்ற முறையைக் கொண்டுவந்தார். 2004-இல் கலிஃபோர்னியாவின் டெவோர் பகுதியில், ராத்திரி மட்டும் செய்தால் 10 மாதம் இழுக்கும் என்றிருந்த கான்கிரீட் சாலை வேலையைக் கணினியில் அலசிப் பார்த்துவிட்டு, சாலையின் ஒவ்வொரு பக்கத்தையும் சுமார் 9 நாள் மூடி முடித்தார்கள். இதைச் சொல்லும்போது இன்ஜினியர் குரலில் அத்தனை பெருமை!

வேலை தொடங்கியதும் வெளியே வந்தால் முகத்தில் அடிக்கிற அனல். கம்பூட் போட்டவர்கள் ரேக்கால் ஓரங்களைச் சரிசெய்கிறார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒருவர் கலவையில் தெர்மாமீட்டரைக் குத்தி, "142!" என்று கத்துகிறார். நடுவழியில் ஒரு டிப்பர் பஞ்சர் என்று போன் வருகிறது. எனக்குப் பகீரென்றது. இன்ஜினியரோ, "அதையும் ஓட்டிப் பார்த்தாச்சு" என்று ஸ்டாண்ட்பை வண்டியைக் கிளப்பினார். பேவர் நிற்கவே இல்லை!

ராத்திரியில் ஆரஞ்சுக் கூம்பு கண்ணில் பட்டால் வேகத்தைக் குறையுங்கள். அதற்கு அந்தப் பக்கம் இவர்கள்தான் நிற்கிறார்கள்.