பிழைப்பு ஓர் ஊர், கொடை ஓர் ஊர்

டீ சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கூடைப்பந்து வீரர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் ‘சர்வதேச ஆட்டங்கள்’ என்று தனியாக ஒரு பகுதி வரும். அவர் எந்தெந்த வெளிநாட்டில் போய் ஆடினார் என்ற கணக்கு அது என்றுதான் நம்மில் பலரும் எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒருவர் வெளிநாட்டு கிளப்புக்குப் பத்து வருஷம் ஆடியிருந்தாலும் அது இந்தப் பகுதியில் சேராது. தன் நாட்டுச் சட்டையைப் போட்டு ஆடியது மட்டும்தான் சேரும். அந்த ஆட்டம் அவர் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்திலேயே நடந்திருந்தாலும் சேரும்.

திருப்பூரில் வேலை பார்க்கிறவர் கோயில் கொடைக்கு ஊருக்குப் போவதை நினைத்துக்கொள்வோம். கிளப் என்பது பிழைக்கிற ஊர். சம்பளம் அங்கேதான், வருஷத்தில் பெரும்பகுதி இருப்பும் அங்கேதான். நாட்டு அணி கூப்பிட்டால் லீவு சொல்லிவிட்டுப் போய் ஆடித் திரும்ப வேண்டும். கிளப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நாட்டை அப்படி மாற்ற ஃபீபா எளிதில் விடாது. ஃபீபா என்பது உலகக் கூடைப்பந்துச் சங்கம். கால்பந்தின் ஃபிஃபா வேறு.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒருவர் எடுத்த முடிவைப் பார்த்தால் விஷயம் நன்றாகப் பிடிபடும். பிரேசிலின் ஆஸ்கார் ஷ்மிட், 1958-இல் நாட்டால் என்ற கடற்கரை நகரத்தில் பிறந்தவர். உயரம் 2.05 மீட்டர். தூரத்திலிருந்து கூடையில் போடுவதில் மன்னன். ‘புனிதக் கை’ என்று ஊரே அவரைக் கொண்டாடியது. 1982 முதல் அவர் பிழைப்பு இத்தாலியில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் உள்ள கசெர்ட்டா நகரத்து கிளப்பில்.

1984-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் இருந்த நியூ ஜெர்சி நெட்ஸ் அணி டிராஃப்டில் அவர் பெயரைச் சொன்னது. டிராஃப்ட் என்பது நாம் தெருவில் ஆள் பிரிப்பது மாதிரிதான்: முறை வைத்து ஒவ்வோர் அணியாகப் புது ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லும். எந்த நாட்டு இளைஞனும் ஏங்குகிற இடம் அது. ஆஸ்கார் போகவில்லை.

காரணம் அன்றைய விதி. என்.பி.ஏ.வில் ஆடியவர் நாட்டு அணிக்கு ஆட முடியாது. அவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்று கதவை அடைத்துவிடுவார்கள். இத்தாலியில் சம்பளம் வாங்கியவருக்கோ அந்தத் தடை இல்லை. பிழைப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் ஓர் ஊரில் மட்டும் கொடைக்கு லீவே கிடையாது. எனக்கு இது நியாயமான விதியாகப் படவில்லை. ஆஸ்கார் பிரேசில் சட்டையைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்று வருஷம் கழித்து, 1987 ஆகஸ்டில், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் பான் அமெரிக்கன் விளையாட்டுகளின் இறுதி ஆட்டம். எதிரே அமெரிக்கா, டேவிட் ராபின்சன், டேனி மானிங் போன்ற கல்லூரி ஆட்டக்காரர்கள். இடைவேளையில் பிரேசில் 14 புள்ளி பின்தங்கியிருந்தது. அன்று கூடையிலிருந்து 6.25 மீட்டர் தள்ளி ஒரு வளைகோடு இருந்தது; அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. இரண்டாம் பாதியில் ஆஸ்காரும் தோழர் மார்செலும் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்துகொண்டே இருந்தார்கள். மார்செல் 31, ஆஸ்கார் 46. முடிவு 120–115, பிரேசிலுக்கு வெற்றி. ஆட்டம் முடிந்ததும் ஆஸ்கார் தரையில் விழுந்து அழுதார். சம்பள ஊரில் எத்தனை கோப்பை ஜெயித்தாலும் இப்படி ஓர் அழுகை வராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1989-இல் ஃபீபா என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் மீதிருந்த அந்தத் தடையை நீக்கியது. என்.பி.ஏ. நட்சத்திரங்கள் மைக்கேல் ஜோர்டானும் மேஜிக் ஜான்சனும் அமெரிக்க அணியில் 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு வந்தது அதனால்தான். அங்கே பிரேசில் அவர்களிடம் 83–127 என்று தோற்றது. ஆஸ்காருக்கு அப்போது 34 வயது. லீவுச் சிக்கல் இன்றும் முழுசாகத் தீரவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகள் பல நவம்பரிலும் பிப்ரவரியிலும் நடக்கின்றன, என்.பி.ஏ. அவற்றுக்காக நிற்பதில்லை. அதனால் பெரிய பெயர்கள் பல கோடையில் மட்டுமே நாட்டு அணியில் தெரியும்.

ஆஸ்கார் 1980 முதல் 1996 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஆடி 1,093 புள்ளி எடுத்தார். சியோலில் ஸ்பெயினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. 2013-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். என்.பி.ஏ.வில் அவர் ஆடிய ஆட்டங்கள்: பூஜ்யம்.